ஜீன் ஜுகன் அம்மையார்

பேசின் பிரிட்ஜைக் கடந்து இராயபுரம் நோக்கிச் செல்வோர், ஸ்டான்லி மருத்துவமனையின் அருகில் மணியக்காரர் சத்திரத்தைக் காண்பர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய அச்சத்திரம், பிற்காலத்தில் ஆதரவற்ற முதியோர்க்குப் புகலிடமாயிற்று. 1799-இல் அதனைச் சார்ந்து எழுந்த சிறு மருத்துவசாலையே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற இவ்விரண்டையும் நோக்குங்கால், நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. மருத்துவமனைச் செவிலி, நோயாளி நலம் பெற்று வீடு திரும்புவதைக் கண்டு மகிழ்வாள். முதுமையோ தீரும் பிணியன்று. இன்று ஊட்டிய கை நாளையும் ஊட்டவேண்டும்; இறுதியில் கண்களை மூடிவிடவும் வேண்டும். அங்ஙனமாயின், அப்பணியை விடாது பற்றி நிற்போரை நிறுத்தி வைப்பது யாது? ஜீன் ஜுகன் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு விடை பகர்கின்றது.

அம்மையார் 1792-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டுப் பிரிட்டனிக் கரையிலுள்ள கான்கால் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மீனவர். அம்மையார் சிறு குழந்தையாயிருந்தபொழுதே, கடலுக்குச் சென்ற அவர் மீண்டிலர். காசிமேட்டுக் குடும்பங்கள் நன்கறிந்த துயரமன்றோ இது! இளமையில் ஒரு பிரபுவின் மாளிகையில் அடுக்களைப் பணி செய்த அம்மையார், தம்மை மணக்க விரும்பிய மாலுமி ஒருவர்க்கு இசையாது, 1817-இல் செயின்ட் செர்வான் நகரடைந்து, ஆங்கொரு மருத்துவமனையிற் செவிலியாய் அமர்ந்தார். ஆறாண்டுகள் உழைத்தபின் உடல் மிக நலிந்து அவ்வேலையை விடுத்தார்.

பின்னர் லெகோக் என்னும் மூதாட்டியின் இல்லத்திற் பணிப்பெண்ணானார். பெயரளவிற் பணிப்பெண், உண்மையில் தோழி. இருவரும் ஒருங்கே செபம் செய்தனர். சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தனர். ஏழைகளைச் சென்று கண்டனர். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1835-இல் அம்மூதாட்டி இறக்கும்வரை அருகிருந்து பேணியவர் அம்மையாரே.

1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, அம்மையார் தமது நாற்பத்தேழாம் வயதில், ஆன் சோவின் என்னும் பார்வையிழந்த, கைகால் விளங்காத மூதாட்டியைத் தம் வாடகை வீட்டிற்குக் கொணர்ந்து, தம் படுக்கையை அவர்க்கு ஈந்து, தாம் பரண்மேற் சென்று படுத்தார். இதுவே தொடக்கம். மூதாட்டிகள் பெருகினர், தோழியரும் வந்து சேர்ந்தனர். முன்பு பிச்சையெடுத்து உண்ட அம்முதியோர் இனித் தெருவிற் செல்லலாகாது என்று, அவர்க்குப் பதிலாகத் தாமே கூடையேந்தி வீடுதோறும் சென்றார். ஒருகால் ஒருவர் அவரை அறைந்தனராம். அந்த அடி தமக்குரியதென ஏற்று, முதியோர்க்குரியதைத் தருமாறு அமைதியாய்க் கேட்டாராம். 1845-இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் 3000 பிராங்குப் பரிசளித்து அவரைப் பாராட்டிற்று.

ஆயினும் அதற்கு முன்பே, 1843-இல், வழிகாட்டியாயிருந்த குருவானவர் அவரைத் தலைமையினின்று நீக்கிவிட்டார். 1852-இல் வெளிப்பணியும் நின்றது. எஞ்சிய இருபத்தேழாண்டுகளும் மடத்துள் மறைந்து வாழ்ந்தார். உடனிருந்த இளங்கன்னியர் பலர், இக்கிழவியே தம் சபையை நிறுவியவர் என்பதையும் அறிந்திலர். 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தபொழுது, ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் அச்சபையில் ஏறக்குறைய 2400 கன்னியர் இருந்தனர். 1882-இல் அவர்கள் கல்கத்தாவிற்கும் வந்து இல்லம் அமைத்தனர். 1890-இல் அக்குரு பதவி இழந்தபின்னரே உண்மை மெல்ல வெளிப்பட்டது. 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அம்மையாரைப் புனிதராக அறிவித்தது.

ஆறாண்டு மருத்துவமனை வேலையில் தளர்ந்தவர், நாற்பதாண்டுகள் முதியோரை விட்டு அகலாமைக்குக் காரணம் யாது? ஊதியமன்று, புகழுமன்று. லெகோக் அம்மையாரின் இல்லத்திற் கற்ற தோழமையே என்று நாம் துணிகின்றோம். முதியவரைக் குணப்படுத்தவேண்டிய நோயாளியாகக் கருதுவோர் என்றும் தோல்வியே காண்பர்; ஒரு கூரையின்கீழ் உடன்வாழும் உறவினராகக் கருதுவோர்க்கோ ஒவ்வொரு நாளும் நிறைவுடையது. இதனால், முதியோர்ப் பணி செய்வோர்க்குத் தக்க ஊதியமும் ஓய்வும் வேண்டா என்பது நம் கருத்தன்று. உடல் தளர்ந்தால் அன்பும் தளரும் என்பதற்கு அம்மையாரின் மருத்துவமனை நாட்களே சான்று.

நாம் எச்சபையினராயினும் ஆகுக. அடுத்த முறை மணியக்காரர் சத்திர வாயிலைக் கடக்கும்பொழுது, உள்ளே யாரோ ஒருவர் ஒரு முதியவர்க்குச் சோறூட்டிக் கொண்டிருப்பதை நினைவுகூர்வோமாக. இயலுமேல் உட்சென்று சற்று நேரம் உடனமர்வோமாக.