ஜி. ஏ. ஹென்டி

ஜார்ஜ் ஆல்பிரட் ஹென்டி (டிசம்பர் 8, 1832 – நவம்பர் 16, 1902) இங்கிலாந்தைச் சேர்ந்த புதின எழுத்தாளரும் போர்ச் செய்தியாளரும் ஆவார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய இவர், போரில் சிக்கிக்கொள்ளும் சிறுவர்களைப் பற்றிய வரலாற்றுக் கதைகளுக்காக அறியப்படுகிறார். ஆற்காடு, ஆம்பூர் பகுதிகளும் இவருடைய கதைக்களங்களாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

கேம்பிரிட்ஜை அடுத்த ட்ரம்பிங்டனில் பிறந்தார். இளமையில் நோய்வாய்ப்பட்டு நெடுங்காலம் படுக்கையில் இருந்ததால் நூல்களே இவருக்குத் துணையாயின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, பட்டம் பெறாமலே கிரிமியப் போருக்குச் சென்று, இராணுவ மருத்துவமனைகளுக்குப் பொருள் வழங்கும் பிரிவில் பணியாற்றினார். அங்கிருந்து எழுதிய கடிதங்கள் நாளிதழில் வெளியாயின. பின்னர் 'ஸ்டாண்டர்டு' நாளிதழின் செய்தியாளராக இத்தாலி (1866), அபிசீனியா (1868), பாரிஸ் கம்யூன் (1871), அசாந்தி (1873–74) ஆகிய போர்க்களங்களைக் கண்டார். 1875–76ல் வேல்ஸ் இளவரசரின் பயணத்தை ஒட்டி இந்தியாவுக்கும் வந்தார்.

மனைவி எலிசபெத் 1865ல் இறந்தார். தம் நான்கு குழந்தைகளுக்குச் சொல்லிவந்த கதைகளே இவரைச் சிறுவர் இலக்கியத்துக்குக் கொண்டுவந்தன. முதல் சிறுவர் நூலின் கதைமாந்தர்களுக்கு அக்குழந்தைகளின் பெயர்களையே சூட்டினார். பிற்காலத்தில் வரலாற்று நூல்களைத் தருவித்துப் படித்து, உதவியாளரிடம் வாய்மொழியாகக் கதை சொல்லி எழுதுவித்தார். வேமவுத் துறைமுகத்தில் தமது பாய்மரப் படகிலேயே காலமானார்.

கர்நாடகப் போர்க் கதைகள்

'வித் கிளைவ் இன் இந்தியா' (1884) புதினத்தின் தலைவன் சார்லி மாரியட் படைவீரன் அல்லன். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வரும் இளைஞன். போர் அவனைப் படைக்குள் இழுத்துக்கொள்கிறது. கிளைவும் முதலில் எழுத்தராக வந்தவரே. இந்நூலில் ஆம்பூர் முற்றுகைக்கென ஓர் அத்தியாயமே உண்டு. அது கற்பனை. வரலாற்றில் ஆம்பூர்ப் போர் 1749 ஆகஸ்ட் 3 அன்று நடைபெற்றது. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அதில் கொல்லப்பட்டார். 1767ல் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது கேப்டன் கால்வர்ட் தலைமையிலான படை அதனைக் காத்தது.

'தி டைகர் ஆப் மைசூர்' (1896) புதினத்தில் டிக் ஹாலண்ட் என்னும் சிறுவன், திப்பு சுல்தானின் நாட்டில் சிறைப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படும் தந்தையைத் தேடி வருகிறான். சிறுவயதில் கவர்ந்து செல்லப்பட்ட ஆன்னி என்ற ஆங்கிலேயப் பெண்ணையும் மீட்கிறான்.

விமர்சனம்

ஹென்டியின் கதைகளில் பேரரசுப் பெருமிதமும் இனவேற்றுமைப் பார்வையும் மிகுதி என்பது திறனாய்வாளர்களின் கருத்து. தமிழ் வாசகர் எளிதில் கவனிக்கக்கூடிய குறை வேறொன்றும் உண்டு. 1780ல் ஹைதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகப் பகுதியின் சிற்றூர்கள் எரிந்தன. மக்கள் குடும்பத்துடன் வெளியேறினர். 1792 உடன்படிக்கையின்படி திப்புவின் இரு இளம் மகன்கள் கார்ன்வாலிசிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். 1799ல் திப்பு மாண்டபின் அவருடைய குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். போரில் சிக்கிய இப்பிள்ளைகளுள் எவரும் ஹென்டியின் கதைத்தலைவர் ஆகவில்லை. ஆம்பூர் அவருக்கு ஒரு கோட்டை மட்டுமே. அதன் அடிவாரத்தில் வாழ்ந்தோர் கதைக்குள் வரவில்லை எனலாம்.

இவருடைய நூல்களின் காப்புரிமை முடிந்துவிட்டது. பெரும்பாலானவை குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.