கட்டடச் சிற்பி லூயி கான்

மாளிகை சமைப்போர் பலர். மாளிகை சமைப்போரைச் சமைப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கிய லூயி கான் என்பவரின் வரலாற்றை இச்சிறு கட்டுரையின்கண் ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவர் நம் நாட்டினர் அல்லர். ஆயினும் அவர்தம் கைவண்ணம் இந்திய மண்ணிலும் எழுந்ததாதலின், அவரை அறிதல் நமக்குக் கடனாகும்.

இவர் 1901-ஆம் ஆண்டில், அக்காலத்தில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த எஸ்தோனியா நாட்டில், வறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபொழுது, கனன்ற தணலின் நிறத்திலே மனத்தைப் பறிகொடுத்து அதனை அள்ளியெடுத்தார். உடையில் தீப்பற்றி முகமும் கைகளும் வெந்தன. அவ்வடு இறுதிகாறும் மாறவில்லை. ஒளியை நாடிச் சென்று புண்பட்ட அக்குழந்தையே, பிற்காலத்தில் ஒளியின்றிக் கட்டடம் இல்லை என்று உலகிற்கு உணர்த்தியது வியப்பன்றோ!

1906-இல் அக்குடும்பம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தது. வறுமையும் உடன் சென்றது. பேசாப் படங்கள் காட்டும் கொட்டகைகளில் பியானோ வாசித்துச் சிறுவர் லூயி பொருளீட்டினார். பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1924-இல் பட்டம் பெற்றார். ஆனால் பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்கெல்லாம் பெரும் பொருளாதார மந்தம் நேர்ந்தது. கட்டுவிப்பார் இன்றிக் கட்டடக் கலைஞர் பலரும் வாளாவிருந்தனர். கானும் அந்நிலையினின்று தப்பினாரில்லை. 1947-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 1950-இல் உரோமை நகர் சென்று தங்கி, இத்தாலி, கிரேக்கம், எகிப்து ஆகிய நாடுகளின் பழஞ்சுவர்களைக் கண்ணாரக் கண்டார். புதுமை என்பது மெல்லிய கண்ணாடியும் இரும்பும் மட்டுமே எனப் பலர் எண்ணிய அந்நாளில், கனத்த சுவரும் ஆழ்ந்த நிழலும் என்றும் புதியனவே என்னும் துணிபோடு மீண்டார். 1953-இல் யேலில் அவர் முடித்த கலைக்கூடமே அவரை உலகறியச் செய்தது. அப்பொழுது அவர்க்கு ஐம்பதைக் கடந்த வயது.

அவருடைய கொள்கைகளுள் தலையாயது ஒன்று. மாந்தர் கூடிப் பயிலும் இடங்கள் வேறு. படி, குழாய், காற்றுப் போக்கி முதலாக அவற்றிற்கு ஏவல் செய்யும் இடங்கள் வேறு. இவ்விரண்டையும் மறைக்காமல் பிரித்துக் காட்டுதலே நேர்மை என்றார். பிலடெல்பியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஏவலிடங்களைத் தனிக் கோபுரங்களாக எழுப்பினார். உலகம் புகழ்ந்தது, ஆனால் உள்ளே பணிபுரிந்த விஞ்ஞானிகளோ வெயிலின் கூச்சம் பொறாது சன்னல்களை மூடலாயினர். புகழ் தம் கண்ணை மறைக்கும்படி அவர் விட்டாரல்லர். அடுத்துக் கலிபோர்னியாவில் ஜோனஸ் சால்க் என்னும் மருத்துவ அறிஞர்க்காக 1965-இல் முடித்த ஆய்வுநிலையத்தில், குழாய்களுக்கெனத் தனி அடுக்குகளே வகுத்து, ஆய்வோர்க்கு இடையூறின்றிச் செய்தார். அதன் முற்றத்தில் சோலை வைக்க எண்ணியிருந்தார். மெக்சிகோ நாட்டுக் கலைஞர் பர்ரகான், ஒரு மரமும் வேண்டாம், வெற்று முற்றமே வானத்தை ஏந்தும் என்றுரைக்க, உடனே தம் எண்ணத்தைக் கைவிட்டார். கடலை நோக்கி ஓடும் ஒரு சிறு வாய்க்காலே இன்று அம்முற்றத்தின் அணி.

1957 முதல் இறக்கும்வரை பென்சில்வேனியாவில் ஆசிரியராய் இருந்தார். விதிகளை ஒப்புவிக்கச் செய்தல் அவர் முறையன்று. வினாக்களை எழுப்புதலே அவர் முறை. பள்ளியின் தொடக்கம் ஒரு மரத்தடி என்பார். தாம் ஆசிரியர் என்று அறியாத ஒருவரும், தாம் மாணாக்கர் என்று அறியாத சிலரும் அங்கே கூடிப் பேசினர் என்பார். திண்ணைப் பள்ளியை அறிந்த நமக்கு இது புதிதன்று. செங்கல்லைக் கையாள்வோன் அதன் விருப்பத்தை அதனிடமே வினவுதல் வேண்டும். அது வளைவாகவே விரும்பும். செலவு மிகும் என்று கூறி மறுத்தாலும் தன் விருப்பத்தை விடாது என்றும் மாணாக்கர்க்கு உணர்த்தினார். பொருளின் இயல்புக்கு மாறாக அதனை வற்புறுத்தல் ஆகாது என்பதே இதன் கருத்து.

இக்கருத்து 1962-இல் அகமதாபாத்தில் வடிவு பெறத் தொடங்கியது. இந்திய மேலாண்மைக் கழகத்தின் கட்டடங்களை அமைக்குமாறு நம் நாட்டுக் கலைஞர் தோஷி அவரை அழைப்பித்தார். ஆங்கே செங்கல் வளைவுகளையும் அவற்றை இழுத்துப் பிணிக்கும் கான்கிரீட்டுச் சட்டங்களையும் ஒருங்கே அமைத்துச் சிக்கனத்தையும் செங்கல்லையும் இணக்கினார். வெளிச்சுவரில் வட்டத் திறப்புகளும் உள்ளே ஆழ்ந்த தாழ்வாரங்களும் வைத்து, வெயிலை நிறுத்தி ஒளியை மட்டும் விட்டார். அதே ஆண்டில் டாக்கா நகரின் சட்டமன்றப் பணியும் அவர்பால் வந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரால் இடைநின்ற அப்பெருமாளிகை, அவர் மறைந்தபின் 1982-இல் நிறைவெய்திப் புதிய வங்கதேசத்தின் பெருமையாயிற்று.

அவர் முடிவு இரங்கத்தக்கது. 1974 மார்ச்சு 17-ஆம் நாள், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் புகைவண்டி நிலையத்தில் மாரடைப்பால் உயிர் நீத்தார். இன்னார் என்று அறியப்படாமல் அவர் உடல் சில நாள் பிணவறையில் கிடந்தது. அவர் விட்டுச் சென்றது பெருங்கடன். குறையை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது: மனைவி ஒருவர் இருக்க, வேறு மகளிர் இருவர்பாலும் மக்களைப் பெற்று, அம்மக்களோடு ஓரில்லத்தில் வாழாது ஒழிந்தார். பதினோராம் வயதில் அவரை இழந்த மகனார், தந்தையைத் தேடி அவர் கட்டிய கட்டடங்கள்தோறும் சென்று, 2003-இல் அத்தேடலைத் திரைப்படமாக்கினார். மாணாக்கர்க்கு வாரி வழங்கிய காலத்தைத் தம் மக்களுக்கு வழங்காமை அவர் வாழ்வின் வடுவேயாகும். முகத்து வடுவினும் இது பெரிது.

2020-இல் அகமதாபாத்தின் மாணவர் விடுதிகளுள் பெரும்பாலனவற்றை, செங்கல் சிதைந்தமை காட்டி இடிக்க நிருவாகத்தார் எண்ணினர். உலகெங்குமிருந்து கலைஞர்கள் மறுத்தெழ, சில நாட்களில் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. 2022-இல் மீண்டும் தலையெடுத்தது. செங்கல் சிதையும், இஃது அதன் இயல்பு. ஆயினும் அதனிடம் அவர் வினவக் கற்பித்த வினா சிதைவதன்று. கட்டடம் கட்டாத நாமும் கைக்கு வந்த பணி எதுவாயினும் அதன் இயல்பை முதற்கண் வினவுவோமாக. அவ்வாறு வினவுங்கால், நம்மை எதிர்நோக்கி இல்லத்தில் இருப்போரையும் மறவாதிருப்போமாக.