கடைசியாச் சேர்ந்து முதலாவதா வந்த சீனியர்: தட்சுனோ கிங்கோ



அடிக்கடி தரையே ஆடுற ஊர்ல, நாட்டோட கஜானாவைக் காக்கிற கட்டடத்தைக் கட்டுங்கன்னு உங்ககிட்ட கொடுத்தா என்ன செய்வீங்க? அந்தப் பொறுப்பு ஒருத்தர் தலையில் விழுந்தது. அவர்தான் தட்சுனோ கிங்கோ.

1854-ல் ஜப்பானின் கராட்சுவில், எளிய சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். டோக்கியோவின் பொறியியல் கல்லூரியில் கடைசி ஆளாகத்தான் இடம் கிடைத்தது என்பார்கள். ஆனா 1879-ல் கட்டடக்கலையில் முதல் பேட்ச்சின் முதல் மாணவராக வெளியே வந்தார். அரியர் வச்சிருக்கிறவங்க கவனிக்க! பிறகு லண்டன் போய்ப் படித்துவிட்டு, அதே கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

1890-ல் ஜப்பான் வங்கியின் தலைமை அலுவலக வேலை தொடங்கியது. முழுக்கக் கல்லிலேயே கட்டத்தான் திட்டம். மறு வருஷமே நோபி நிலநடுக்கம். 7,000 பேருக்கு மேல் பலி. புதுசாக் கட்டின செங்கல் கட்டடங்களும் நொறுங்கின. தட்சுனோ வரைபடத்தை மாற்றினார். கீழ்த்தளம் கல்; மேல் இரண்டு தளங்களும் செங்கல், அதன் மேல் மெல்லிய கல் பூச்சு. ஏன்? முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான்: நிறை குறைஞ்சா, நிலநடுக்கம் தரும் விசையும் குறையும். வெளியே பார்த்தா முழுக் கல் கட்டடம்தான்!

அந்தக் கட்டுமான அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் தகஹாஷி கொரெகியோ. சின்ன வயசில் தட்சுனோவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்! பின்னாளில் பிரதமரும் ஆனார்.

1896-ல் கட்டடம் முடிந்தது. 1914-ல் இரும்புச் சட்டமும் செங்கலுமாக டோக்கியோ ரயில் நிலையத்தையும் எழுப்பினார். 1919-ல் ஸ்பானிஷ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. நாலு வருஷம் கழிச்சு, 1923-ல், பெரிய கான்டோ நிலநடுக்கம். அவர் எழுதின பரீட்சைக்கு ரிசல்ட் அன்னிக்குத்தான் வந்தது. ரெண்டு கட்டடமும் நின்றன. வங்கியின் குவிமாடம் மட்டும், பக்கத்திலிருந்து பரவின தீயில் எரிந்தது.

கதை அதோட முடியல. இன்றைய விதிகளுக்கு அந்த வலிமை போதாது. சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டம் மாட்டினா பழைய அறைகளும் ஜன்னல்களும் அழகு கெட்டுப் போகும். அதனால பொறியாளர்கள் கட்டடத்தைத் தொடாம, அதன் காலடிக்குப் போனார்கள். எடையைத் தற்காலிகமாத் தாங்கிப் பிடிச்சு, ரப்பரும் எஃகும் அடுக்கின தாங்கிகளை அடியில் வைத்தார்கள். தரை ஆடும், மேலே கட்டடம் மெதுவா அசையும், அவ்வளவுதான். 2012-ல் புதுப்பிச்சுத் திறந்த டோக்கியோ நிலையத்துக்கு அடியில் மட்டும் 352 தாங்கிகள். வங்கிக் கட்டடத்துக்கும் பின்னாடி இதே வைத்தியம்தான்.

அடுத்த முறை ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து, இடிச்சிடலாம்னு சொல்லத் தோணினா, முதல்ல அதோட அஸ்திவாரத்தைப் போய்ப் பாருங்க.