பட்டினத்தடிகளும் அன்னையார் ஈமமும்

காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரிலே, வணிகர் குலத்திற் சிவநேசர்க்கும் ஞானகலை அம்மையார்க்கும் மகவாய்த் தோன்றித் திருவெண்காடர் என்னும் பெயர் பூண்டு, கடல் வாணிகத்தாற் பெருநிதி ஈட்டியவர் பட்டினத்தடிகள். பதினோராந் திருமுறையிற் காணும் பட்டினத்துப் பிள்ளையார் வேறு, நிலையாமை பாடிய அடிகள் வேறு என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவ்வாராய்ச்சியை விடுத்து, வழிவழி வந்த சரிதத்தையே ஈண்டு யாம் மேற்கொள்கின்றோம்.

மகப்பேறின்றி வருந்திய அடிகட்குத் திருவிடைமருதூர்ப் பெருமான் அருளாற் கிடைத்த வளர்ப்பு மகனார் மருதவாணர். அவர் வாணிகஞ்செய்து மீண்டு கொணர்ந்தவை எருவிராட்டிகளே எனக் கண்டு தந்தையார் வெகுண்டனர். மகனாரோ காதற்ற ஊசியொன்றையும் ஓலைநறுக்கொன்றையும் பேழையுள் வைத்து மறைந்தருளினார். ஈட்டிய பொருள் ஒன்றும் மரணத்தின்பின் துணையாகாதென்பதனை மகனாரிடம் உணர்ந்த தந்தையார், அப்பொழுதே யாவுந் துறந்து கோவணத்தோடு வெளிப்போந்தார்.

பிள்ளை கற்பித்த பாடம் அது. அன்னையாரின் உள்ளமோ வேறு. மகன் துறவியாயினும் தம் ஈமத்தீயை அவன் கையே மூட்டல் வேண்டும் என்பது அவ்வம்மையார் விருப்பம். அடிகளும் அதற்கு உடன்பட்டிருந்தார். முடிச்சொன்று தானே அவிழ்ந்தமையால் அன்னையார் மறைவை உணர்ந்து, சுடுகாடு புகுந்து, சுற்றத்தார் அடுக்கிய விறகை நீக்கிப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாடியே தீ மூட்டினார் என்ப.

அப்பொழுது பாடியனவாக வழங்கும் பாடல்கள் பத்து. பிறர் உடம்பை இழித்துப் பாடிய அவ்வாய், பெற்றெடுத்த வருத்தத்தையும், தொட்டிலிலும் தோளிலும் வைத்து வளர்த்த அருமையையும் எண்ணி, அத்தகையாள் மேனிக்கோ நெருப்பிடுவேன் எனக் கதறுகின்றது. முற்றத் துறந்தார்க்கு இவ்வழுகை தகுமோ, இது பாசமன்றோ என மடங்களிலே மாணாக்கர் வினவுதலை யாம் பலகாற் கேட்டிருக்கின்றோம்.

பாசமன்று என்பதே எம் துணிபு. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் மாயையினின்று உடம்பை விளக்காகக் கூட்டுகின்றான் என்பது சித்தாந்தம். அவ்விளக்கை ஏந்திக் கொடுத்தவள் தாய். உடம்பை யான் என்றும் பொருளை எனது என்றும் பற்றுதல் பாசம். சிவனை அடைதற்குக் கருவி தந்தாளை நினைந்து உருகுதல் நன்றியறிதல். பாடல்களின் போக்கே இதற்குச் சான்றாம். புலம்பலில் தொடங்கியவர், ஈற்றயலில் அன்னை நின் திருவடி சேர்ந்தனளோ என அண்ணாமலையாரையே வினவுகின்றார். இறுதியில் அவள் நீறானமை கண்டு, சுற்றத்தாரையுந் தேற்றி, யாவற்றையும் சிவமாகவே காண்கின்றார். பாசக் கண்ணீராயின் இங்ஙனம் முடியாது.

அடிகள் பின்னர்ப் பல தலங்களை வணங்கித் திருவொற்றியூர்க் கடற்கரையிற் சமாதியுற்றார். அவரைப் போற்றும் துறவோர், ஊசியை நினைக்குந்தோறும் அவ்வாழைமட்டைச் சிதையையும் உடன் நினைத்தல் நலம்.