அணு அறிஞர் நிஷினா

கருவி ஒன்றே, அதனைக் கையாளும் கருத்தோ பல. மருத்துவன் கையில் உயிர் காக்கும் கத்தியே கொடியவன் கையில் உயிரைப் போக்குகின்றது. அணு ஆராய்ச்சியும் அத்தகையதே. இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டு துன்புற்றவர் ஜப்பானிய அறிஞர் நிஷினா யோஷியோ.

நிஷினா 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒகயாமா மாவட்டத்துச் சாதோஷோ என்னும் ஊரில் பிறந்தார். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்று, 1918இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் ரிக்கன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1921இல் ஐரோப்பா சென்று, இரதர்போர்டு, நீல்ஸ் போர் ஆகிய பேரறிஞர்களை அடுத்துப் பயின்றார். ஆஸ்கர் கிளைன் என்பவருடன் கூடி அவர் கண்ட கணித வாய்பாடு, இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

1928இன் இறுதியில் தாயகம் திரும்பிய நிஷினா, ரிக்கனில் இளைஞர் பலரை ஆராய்ச்சியில் ஊக்கினார். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற டோமொனாகா அவர்களுள் ஒருவர். அணுத்துகள்களை வட்டமாகச் சுழற்றி விரைவு பெறச் செய்யும் சைக்ளோட்ரான் என்னும் பொறியை நிஷினா 1937இல் அமைத்தார். அடுத்து, 220 டன் எடையுள்ள பெரும்பொறி ஒன்றையும் பல்லாண்டு உழைத்து உருவாக்கினார்.

இதற்கிடையே உலகப்போர் மூண்டது. இராணுவத்தின் பொருட்டு, அணுகுண்டிற்கு வேண்டிய யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் நிஷினா ஈடுபட்டார். அம்முயற்சி கைகூடவில்லை, 1945 ஏப்ரலில் விமானத் தாக்குதலால் அக்கூடமும் எரிந்தது. ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமா அழிந்தபின், அதனை அழித்தது அணுகுண்டே என ஆராய்ந்து கூறியவரும் அவரே. அக்குண்டு விளைத்த கொடுமையை அவர் நேரிற் கண்டார்.

ஜப்பான் பணிந்தது. அமெரிக்கப் படையினர் நாட்டின் ஆட்சியைத் தம் மேற்பார்வையிற் கொண்டனர். தோற்ற நாடு மீண்டும் கொடும்படை செய்யாதவாறு தடுப்பது அவர்தம் கடமையாயிற்று. சைக்ளோட்ரானை மருத்துவம், உயிரியல் முதலிய துறைகளில் பயன்படுத்த நிஷினா இசைவு வேண்டினார், இசைவும் கிடைத்தது. ஆனால், அது விரைவிலேயே மறுக்கப்பட்டது. நவம்பர் 24ஆம் நாள் படைவீரர் ரிக்கனுட் புகுந்தனர். சைக்ளோட்ரான் குண்டு செய்யும் பொறியன்று என்று நிஷினா எடுத்துரைத்தும் பயனில்லை. பொறிகள் இரண்டும் சிதைக்கப்பட்டு, டோக்கியோ விரிகுடாவில் எறியப்பட்டன. ஒசாகாவிலும் கியோட்டோவிலும் இருந்த பொறிகளும் அழிந்தன.

இச்செய்தி கேட்டு அமெரிக்க விஞ்ஞானிகளே வெகுண்டனர். அச்செயல் தவறென்பதை அமெரிக்கப் போர் அமைச்சர் ஒப்புக்கொண்டார். எனினும், 1947இல் வென்ற நாடுகளின் குழு ஜப்பானில் அணுசக்தி ஆராய்ச்சியைத் தடை செய்தது.

நிஷினா மனம் உடைந்தார், ஆனால், மடிந்திருக்கவில்லை. பகைமை பாராட்டவும் இல்லை. ரிக்கன் கலைக்கப்பட்டுத் தொழில் நிறுவனமாக மாறியபோது, அதன் தலைமையை ஏற்றார். பெனிசிலின் மருந்து செய்து, அவ்வருவாயால் ஆராய்ச்சியைக் காத்தார். விஞ்ஞானத் துறையைக் கண்காணிக்க வந்த அமெரிக்கர் ஹாரி கெல்லி, அவர்தம் நேர்மையைக் கண்டு நெருங்கிய நண்பரானார். 1950இல் மருத்துவத்திற்கும் ஆராய்ச்சிக்கும் உதவும் கதிரியக்கப் பொருள்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் நிஷினா இயற்கை எய்தினார். 1952இல் ஜப்பான் உரிமை பெற்றது. அவ்வாண்டிலேயே புதிய சைக்ளோட்ரானும் எழுந்தது.

1976இல் கெல்லி மறைந்தார். அவர்தம் சாம்பலில் ஒரு பகுதி, டோக்கியோவில் நிஷினாவின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. கண்காணிக்க வந்தவரும் கண்காணிக்கப்பட்டவரும் இன்று அருகருகே உறங்குகின்றனர். ஆக்கத்தையும் அழிவையும் பகுத்தறியாத அச்சம் பொறிகளைக் கடலில் எறிந்தது. பகுத்தறிந்த நட்போ இரு நாட்டாரையும் ஒன்றாக்கியது. அறிவிற்குக் காவல் வேண்டும். அக்காவலுக்கும் அறிவு வேண்டும்.