ஒரு சொல்லுக்காக லண்டனில் ஐந்து வாரம் வழக்காடியவர்: பாலக்காட்டின் சங்கரன் நாயர்

பாலக்காடு: ஜாலியன்வாலாபாக் படுகொலை குறித்து லண்டன் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கு, அண்மையில் இந்தித் திரைப்படமாக வெளிவந்த பிறகு, சேற்றூர் சங்கரன் நாயரின் பெயர் மீண்டும் பரவலாகப் பேசப்படுகிறது. 2025-ஆம் ஆண்டு வெளியான 'கேசரி அத்தியாயம் 2' என்ற அத்திரைப்படம், அவரைப் பிரிட்டிஷ் அரசின் மீது வழக்குத் தொடுத்தவராகச் சித்திரித்தது. உண்மையில் அவர் வழக்குத் தொடுத்தவர் அல்லர். தாம் எழுதிய நூலுக்காக அவதூறு வழக்கில் பிரதிவாதியாக நிறுத்தப்பட்டவர். இந்த வேறுபாடு சிறியதன்று.

பாலக்காட்டை அடுத்த மங்கரையில் 1857 ஜூலை 11-ஆம் தேதி சங்கரன் நாயர் பிறந்தார். மலபார் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. ஆகவே பாலக்காட்டு இளைஞர்களுக்குக் கல்லூரியும் உயர் நீதிமன்றமும் சென்னையிலேயே இருந்தன. மாநிலக் கல்லூரியில் பட்டமும், பின்னர் சட்டப் பட்டமும் பெற்ற நாயர், 1880-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். வழக்காடிய நேரம் போக, இதழியலிலும் ஈடுபட்டார். மெட்ராஸ் ரிவ்யூ இதழை நிறுவி நடத்தியதுடன், மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்ட இதழிலும் பங்காற்றினார்.

1897-இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். கேசரி இதழில் வெளியான எழுத்துகளுக்காக ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் திலகர் சிறையில் இருந்த ஆண்டு அது. அட்வகேட் ஜெனரல் பதவிக்குப் பிறகு, 1908-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

நீதிபதியாக அவர் விசாரித்தவற்றுள் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் தொடரப்பட்ட சதி வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளுள் ஒரே இந்தியர் சங்கரன் நாயர். தனித் தீர்ப்பு எழுதிய அவர், அக்காலத்து அரசியல் சூழலை விரிவாக ஆராய்ந்தார். அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியாரின் பாடல் ஒன்றையும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். பாரதியார் உயிரோடிருந்தபோதே அவரது கவிதை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது அரிய செய்தி.

1915-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராகி, கல்வித் துறையைக் கவனித்தார். அரசாங்கத்தின் உச்சியில் இருந்த ஒரே இந்தியர் என்ற நிலையில்தான் 1919-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிகழ்வுகளை எதிர்கொண்டார். ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜெனரல் டயரின் படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்தோர் 379 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. இந்தியத் தரப்பின் கணக்கு இதைவிடப் பன்மடங்கு அதிகம். தொடர்ந்து ராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செய்திகள் தணிக்கை செய்யப்பட்டன. லாகூர் டிரிபியூன் நாளிதழின் ஆசிரியர் காளிநாத் ராய் சிறை வைக்கப்பட்டார். பாம்பே கிரானிக்கிள் ஆசிரியர் ஹார்னிமன் நாடு கடத்தப்பட்டார். பஞ்சாபில் நடந்தவற்றை முழுமையாக அறிய, பிற மாகாணங்களில் இருந்தோருக்குப் பல மாதங்கள் பிடித்தன. நாயர் 1919 ஜூலையில் பதவி விலகினார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1922-இல், 'காந்தியும் அராஜகமும்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். சட்டத்தின் வழியே மட்டும் சுயாட்சியை அடைய வேண்டும் என்று நம்பிய அவருக்கு ஒத்துழையாமை இயக்கம் ஏற்புடையதாக இல்லை. நூலின் தாக்குதல் முழுவதும் காந்தியடிகளை நோக்கியே அமைந்தது. ஆனால் வழக்குத் தொடுத்தவர் காந்தியடிகள் அல்லர். பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் சர் மைக்கேல் ஓ'டயர், நூலில் போகிறபோக்கில் வந்த ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். பஞ்சாபில் நடந்த அட்டூழியங்களுக்கு ஆளுநரின் அதிகாரமே இடமளித்தது என்ற பொருளில் அப்பகுதி அமைந்திருந்தது. மன்னிப்புக் கோரி நூலைத் திரும்பப் பெறுமாறு அவர் விடுத்த கோரிக்கையை நாயர் ஏற்கவில்லை.

ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தில் சுமை பிரதிவாதியின் மீதே விழும். எழுதியது பொய் என்று வாதி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எழுதியது உண்மை என்று எழுதியவரே மெய்ப்பித்தாக வேண்டும். அதுவும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நிகழ்வு நடந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னர். சாட்சிகளில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்ததால், அவர்களின் வாக்குமூலங்கள் இங்கேயே பதிவு செய்யப்பட்டு லண்டனில் வாசிக்கப்பட்டன. நேரில் வந்து பேசும் ஆங்கிலேய அதிகாரியின் குரலுக்கும், தாளிலிருந்து வாசிக்கப்படும் பஞ்சாபியின் சொல்லுக்கும் நடுவர் குழுவிடம் ஒரே எடை இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

1924 ஏப்ரல் 30 அன்று நீதிபதி மெக்கார்டி முன்னிலையில் தொடங்கிய விசாரணை ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி சர் வால்டர் ஷ்வாப், நாயருக்காக வாதாடினார். டயர் வழக்கில் ஒரு தரப்பினர் அல்லர். எனினும் விசாரணை முழுவதும் அவரைச் சுற்றியே நடந்தது. அவர் செய்தது அட்டூழியமா, கடமையா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தீர்ப்பு வழங்க இயலவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கல்தான் இது. ஆனால் அங்கே அதன் விலை ஒருவரின் சொத்தும் மானமும்.

லண்டனின் மனநிலையும் சாதகமாக இல்லை. ஹண்டர் குழுவின் கண்டனத்துக்குப் பின் டயர் 1920-இல் பதவியிழந்திருந்தார். ஆனால் அதே ஆண்டு பிரபுக்கள் சபை அவருக்கு ஆதரவாக வாக்களித்தது. மார்னிங் போஸ்ட் நாளிதழ் திரட்டிய நிதி 26 ஆயிரம் பவுனைத் தாண்டியது. நீதிபதி மெக்கார்டியோ, டயர் தவறாகத் தண்டிக்கப்பட்டார் என்ற தமது கருத்தை நடுவர் குழுவின் முன் வெளிப்படையாகவே கூறினார். நடுநிலை காக்க வேண்டியவர் அவ்வாறு கூறியது பிரிட்டனிலேயே கண்டனத்துக்கு உள்ளானது. விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்றது.

பன்னிரண்டு நடுவர்களில் பதினொருவர் ஓ'டயரின் பக்கம் நின்றனர். மாறுபட்ட ஒருவர், அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்கி. ஒருமித்த முடிவு இல்லாததால், இரு தரப்பின் சம்மதத்துடன் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்கப்பட்டது. 500 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் நாயர் மீது விதிக்கப்பட்டன; மொத்தச் சுமை ஏறத்தாழ 7,000 பவுன். மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடத் தயார் என்று ஓ'டயர் தரப்பு முன்வந்தது. நாயர் மறுத்துப் பணத்தைச் செலுத்தினார்.

தோல்வி என்று பார்த்தால் தோல்விதான். ஆனால் அமிர்தசரஸில் நடந்தவை வாரக்கணக்கில் லண்டன் நீதிமன்றத்தில் பேசப்பட்டு, பிரிட்டிஷ் நாளிதழ்களில் அச்சேறின. ஆங்கிலேய நீதியின் மீது நம்பிக்கை வைத்திருந்த மிதவாத இந்தியர்களுக்கு இத்தீர்ப்பு பேரிடியாக இருந்தது. அந்த நம்பிக்கையை வாழ்நாள் முழுவதும் பேணியவர்களில் நாயரே முன்னவர் என்பதுதான் இதில் உள்ள முரண்.

அதன் பின்னரும் அவர் காந்திய இயக்கத்தின் பக்கம் சாயவில்லை. காங்கிரஸ் புறக்கணித்த சைமன் குழுவுடன் இணைந்து செயல்பட்ட இந்திய மத்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். விடுதலைக்குப் பிந்தைய பாடநூல்களில் அவர் பெயர் மங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1934 ஏப்ரல் 24 அன்று நாயர் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங் ஓ'டயரைச் சுட்டுக் கொன்றார். நாயரின் வாழ்க்கை வரலாற்றை, அவருடைய மருமகனும் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலருமான கே.பி.எஸ். மேனன் எழுத, மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1967-இல் நூலாக வெளியிட்டது.