மதுரைத் தளபதி கான்சாகிபு

நமது கே.கே. நகருக்குத் தெற்கே, சில கல் தொலைவில் நிற்பது பரங்கிமலை. 1759 பிப்ரவரியில் அங்கே கடும்போர் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளை அது. பிரெஞ்சுப் படையின் உணவு வரவைத் துண்டித்து, வெளியிலிருந்து ஓயாது தாக்கி அலைக்கழித்த சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் யூசுப்கான். மக்கள் வழக்கில் அவர் கான்சாகிபு.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் எளிய குடியிற் பிறந்து, மருதநாயகம் என அழைக்கப்பெற்று, பின் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர் என்பது வழிவழி வரும் செய்தி. 1752-இல் திருச்சி முற்றுகையின்போது காட்டிய வீரத்தாற் கும்பினியாரின் நன்மதிப்பைப் பெற்றார். தங்கப் பதக்கமும் பெற்றார். அவர்களுக்காகவே பூலித்தேவர் முதலான பாளையக்காரர்களை ஒடுக்கினார். வீரரைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் நேர்மையன்று.

மதுரை, நெல்லைச் சீமைகளின் ஆளுநரானபின் அவருடைய மற்றொரு பண்பு வெளிப்பட்டது. கள்வர் அச்சம் நீங்கிற்று, நீர்நிலைகள் சீர்பெற்றன, நெசவு தழைத்தது. கைப்பற்றப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயில் நிலங்களின் வருவாய் கோயிலுக்கே மீண்டது. தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றவர், பிறர் வழிபாட்டுரிமையையும் காத்தார்.

அவர் வளர்வதை ஆர்க்காட்டு நவாப் முகம்மதலி விரும்பவில்லை. குத்தகையைக் கூட்டித் தர யூசுப்கான் முன்வந்தும், கும்பினியார் நவாப்பின் பக்கமே சாய்ந்தனர். பணிய மறுத்த யூசுப்கான் 1763-இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. பீரங்கியால் ஆகாததைப் பசியும் வஞ்சகமும் முடித்தன. உடனிருந்தோரே அவரைப் பிடித்துப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

எந்தக் கும்பினிக்காக வாளேந்தினாரோ, அதுவே அவர் கழுத்திற் கயிற்றை மாட்டிற்று. அந்நியர் தந்த உயர்வு அந்நியராலேயே பறிக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் பதக்கத்தை மறந்த மக்கள், அவர் செய்த நன்மையை மறக்கவில்லை. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் அவரைப் பாடியது. மதுரையின் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உள்ளது.

மாணவச் செல்வங்களே! ஆற்றல் எவரிடமும் அமையலாம். அதனை யாருக்காகச் செலவிடுகிறோம் என்பதே வாழ்வின் பெருவினா. கான்சாகிபு அதற்கு விடை கண்டார். சற்றே காலந்தாழ்ந்து கண்டார். நாம் காலத்தே காண்போமாக!